அடிக்காமல் நாயைப் பழக்குவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நாய் செருப்பைக் கடித்துக் குதறிப் போட்டிருக்கிறது. கோபத்தில் ஓங்கி ஒன்று வைக்கிறோம், அது காதை மடக்கி, வாலைக் காலுக்குள் சுருட்டிக்கொண்டு மூலையில் போய் ஒடுங்குகிறது. 'பாருங்க, தப்பு பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது' என்று வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். உண்மையில் அந்த முகம் அதைக் காட்டுவதில்லை. நாய்களின் மனதை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதையே சோதித்துப் பார்த்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியே போவார், திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டதாக அவரிடம் சொல்லப்படும், ஆனால் அது சில நேரம் உண்மையாகவும் சில நேரம் பொய்யாகவும் இருக்கும். அந்தக் 'குற்ற உணர்ச்சி' முகம் நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தது. ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அதாவது நாய் படிப்பது நம் முகத்தையும் கையையும்தான், செருப்பைப் பற்றி அது எதையும் கற்றுக்கொள்வதில்லை. அடியை விட்டுவிட்டு வெகுமதியை வைத்துப் பழக்குங்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இரக்கம் மட்டும் அல்ல. 'இதைச் செய்' என்று நாய்க்குப் புரியும்படி சொல்ல அதைவிடத் தெளிவான வழி கிடையாது.

அடி உண்மையில் என்ன கற்றுக்கொடுக்கிறது

ஒரு செயலுக்குப் பின் நல்லது நடந்தால் அது திரும்பத் திரும்ப வரும், கெட்டது நடந்தால் குறையும். 1898-இல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துக் கவனித்த காலத்திலிருந்தே தெரிந்த விஷயம் இது. அப்படியானால் தண்டனையும் வேலை செய்யத்தானே வேண்டும் என்று கேட்கலாம். செய்யும். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமென்றால் தவறு நடக்கும் அதே நொடியில், ஒவ்வொரு முறையும், போதுமான வலுவோடு கிடைக்க வேண்டும். எந்த வீட்டிலும் இது சாத்தியமில்லை. நாம் பார்க்கும்போது அடி விழும், பார்க்காதபோது விழாது, ஆகவே நாய் கற்றுக்கொள்வது 'இவர் இருக்கும்போது செய்யக்கூடாது' என்பதைத்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வலி வரும்போது எதிரில் எது இருக்கிறதோ அதோடு சேர்த்து நாய் முடிச்சுப் போட்டுவிடும். தெருவில் ஒரு குழந்தை ஓடி வருகிறது, நாய் ஆர்வத்தோடு முன்னே பாய்கிறது, நாம் கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுக்கிறோம். நம் கணக்கில் அது 'இழுக்காதே' என்ற பாடம். நாயின் கணக்கில் குழந்தை வந்தது, கழுத்து வலித்தது. நாலைந்து முறை இது நடந்தால் போதும், முதலில் வாலாட்டிய நாய் குழந்தையைத் தூரத்தில் கண்டதுமே உறுமத் தொடங்கும், 'திடீரென்று இப்படி மாறிவிட்டது' என்று நாம் புலம்புவோம்.

ஆய்வுகள் சொல்வதும் இதைத்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கூட்டி வந்த உரிமையாளர்களிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு நாய் பதிலுக்கு ஆக்ரோஷம் காட்டியிருந்தது. நாயைப் புரட்டி மல்லாத்தி அழுத்திப் பிடித்தவர்களில் 31 சதவீதம், சும்மா முறைத்துப் பார்த்தவர்களில்கூட 30 சதவீதம். போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. தண்டனை அதிகம் பயன்படுத்தும் பயிற்சிப் பள்ளி நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது, மூச்சிரைப்பும் உதட்டை நக்குவதும் கொட்டாவியும் அதிகம் இருந்தன. அதோடு, உணவு இருக்குமா இருக்காதா என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தால் அந்த நாய்கள் அதை நோக்கி மெதுவாகத்தான் போயின. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அவற்றுக்குக் குறைந்துபோயிருந்தது. எனக்கு மனதைப் பிசைந்தது இந்தக் கடைசித் தகவல்தான்.

'ஆனா எங்க நாய் அடி வாங்குனதுக்கு அப்புறம் ரொம்ப அமைதியாயிடுச்சே' என்பவர்கள் உண்டு. 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் செய்த கொடுமையான சோதனை ஒன்றில், தப்பிக்க வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்களைப் பிறகு வேறொரு பெட்டிக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் அதிர்ச்சியிலிருந்து தப்பிக்கலாம். பெரும்பாலான நாய்கள் தாண்டவில்லை. படுத்து முனகியபடி வாங்கிக்கொண்டன. எல்லா அமைதியும் ஒழுக்கம் அல்ல, சில அமைதி முயற்சியைக் கைவிட்டதன் அடையாளம்.

'நான்தான் தலைவன்' என்ற கதை

நாய் நம்மை அடக்கி ஆளப் பார்க்கிறது, அதனால் நாம் முதலில் அடக்க வேண்டும் என்ற நம்பிக்கை இன்னமும் பரவலாக இருக்கிறது. இதன் வேர் ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் வெளியிட்ட ஓநாய் ஆய்வு. அவர் பார்த்தவை கூண்டில் ஒன்றாக அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள், ஆகவே சண்டையும் போட்டியும் நிறைய இருந்தன. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த டேவிட் மெக், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார். கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன், அதாவது 'ஆல்ஃபா' என்ற கருத்தைப் பரப்பியதில் முன்பு அவருக்கே பங்கு உண்டு, பிறகு அவரே அது பொருந்தாது என்றார். உங்கள் நாய் சோபாவில் ஏறுவது ஆட்சியைப் பிடிக்க அல்ல, சோபா மெத்தென்று இருப்பதால்தான்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

உங்கள் நாய்க்கு எது உயிர் என்று முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டு கையிலும் இரண்டு வகைத் தின்பண்டத்தை மூடி வைத்துக்கொண்டு முகரவிடுங்கள், எந்தக் கையை விடாமல் நோண்டுகிறதோ அதுதான் அதற்குப் பிடித்தது. அதன் வழக்கமான உலர் உணவு, வேகவைத்த கோழித் துண்டு, உப்பில்லாத சீஸ் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக்கொண்டால் நல்லது. வீட்டுக்குள் சுலபமான வேலைக்கு உலர் உணவே போதும், வெளியில் மற்ற நாய்கள் இருக்கும் இடத்துக்குக் கோழி வேண்டும். துண்டு பட்டாணி அளவைத் தாண்ட வேண்டாம், சின்ன நாய் என்றால் அதிலும் பாதி. ஒரு நாளில் தின்பண்டம் மொத்த உணவின் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், கூடுதலாகப் போன நாளில் தட்டில் குறைத்துவிடுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த எதுவும் கூடவே கூடாது, இவை நாய்க்கு விஷம்.

சில நாய்களுக்கு உணவைவிடப் பந்து பெரிது. சிலவற்றுக்குக் கயிறு இழுக்கும் விளையாட்டு. தலையில் தட்டிக்கொடுப்பது வெகுமதி என்று நாம் நினைக்கிறோம், பல நாய்கள் அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் கவனித்திருக்கிறீர்களா? வெகுமதி எது என்று முடிவு செய்வது நாய்தான்.

இன்னொன்று, திடீரென்று நடத்தை மாறிய நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் புண், மூட்டு வலி, பல் வலி, சிறுநீர்த் தொற்று இருக்கும் நாயை எவ்வளவு பழக்கினாலும் வேலைக்கு ஆகாது.

அப்புறம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் 'சிட்' என்பார், இன்னொருவர் 'உட்காரு' என்பார், மூன்றாமவர் 'சிட் சிட் சிட் சிட்' என்று ஓதுவார், நாய்க்கு இவை மூன்றும் மூன்று வேறு சத்தங்கள். எந்த மொழி என்பது முக்கியமில்லை, எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும், அதையும் ஒரே ஒரு முறை.

முதல் படி: 'இதுதான் சரி' என்று சொல்லும் ஒரு சத்தம்

நாய் உட்கார்ந்தது. நீங்கள் பையில் கைவிட்டுத் தின்பண்டத்தைத் தேடி எடுத்து நீட்டுவதற்குள் அது எழுந்து, ஒரு சுற்று சுற்றி, உங்கள் மேல் கால் வைத்துவிட்டது. இப்போது நீங்கள் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அது நினைக்கும்? மேலே கால் வைத்ததற்குத்தான். இந்த இடைவெளியை அடைக்கத்தான் கிளிக்கர் என்ற சின்ன டிக்-டிக் கருவி. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரெலண்ட், மரியன் பிரெலண்ட் தம்பதி 1940-களில் விலங்குகளைப் பழக்கும்போது இந்த மாதிரிச் சத்தங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'யெஸ்' என்று சுருக்கமாக, எப்போதும் ஒரே குரலில் சொன்னால் போதும்.

முதலில் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு ஏற்ற வேண்டும். அமைதியான அறை, கையில் பத்துப் பதினைந்து துண்டுகள். 'யெஸ்' சொல்லுங்கள், அரை நொடி கழித்து ஒரு துண்டு கொடுங்கள். நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வரிசை மட்டும் மாறக்கூடாது: முதலில் சத்தம், பிறகு கை அசைய வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் நாய் கையைத்தான் பார்க்கும், சத்தம் காதில் ஏறாது. ஓரிரு நாளில், அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது 'யெஸ்' என்று சொல்லிப் பாருங்கள். சட்டென்று தலை திரும்பினால் முதல் படி முடிந்தது. அதன் பிறகு ஒரு விதி: தவறிப்போய்ச் சொல்லிவிட்டாலும் துண்டு கொடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாம் படி: உட்கார வைப்பது

முதுகை அழுத்தி உட்கார வைக்காதீர்கள். அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுவது நாயின் இயல்பு, குட்டியின் இடுப்புக்கும் நல்லதில்லை.

ஒரு துண்டை விரல்களுக்கிடையில் பிடித்து நாயின் மூக்கு நுனியில் வையுங்கள், அங்கிருந்து மெதுவாக அதன் நெற்றிக்கு மேலாகப் பின்பக்கம் நகர்த்துங்கள். மூக்கு கையைத் தொடர்ந்து மேலே போகும், பின்பகுதி தானாகத் தரையில் இறங்கும். தரையைத் தொட்ட அந்த நொடியில் 'யெஸ்', பிறகு துண்டு. நாய் குதித்தால் கை அதிக உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம், பின்னால் நடந்தால் கை வேகமாகப் போகிறது, அப்போது நாயின் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிற மாதிரி நின்று பாருங்கள்.

ஐந்தாறு முறை சரியாக வந்ததும் கையில் துண்டு இல்லாமல் அதே அசைவைச் செய்யுங்கள், உட்கார்ந்ததும் 'யெஸ்' சொல்லி மறு கையிலிருந்து கொடுங்கள். இந்த இடத்தைத் தாண்டாமல் விடுபவர்கள்தான் பிற்பாடு 'கையில தீனி இருந்தாத்தான் கேக்குது' என்று வருத்தப்படுகிறார்கள். முன்கூட்டியே காட்டி இழுத்தால் அது லஞ்சம், செய்து முடித்த பிறகு கொடுத்தால் வெகுமதி. அசைவு பழகிய பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும்: 'சிட்' என்று சொல்லி, ஒரு நொடி விட்டு, கையசைவு. சில நாட்களில் சொல்லுக்கே உட்காரும்.

ஒரு தடவைக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் போதும், நாளில் சில முறை. நாய் சலிப்பதற்கு முன் நீங்கள் நிறுத்துங்கள்.

மூன்றாம் படி: கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்குவது

வீட்டுக்குள் அழகாக உட்காரும் நாய் வாசலில் காது கேட்காதது மாதிரி நிற்கும். பிடிவாதம் இல்லை, நாய்களுக்கு ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குத் தானாக எடுத்துப் போகத் தெரியாது. சமையலறையில் கற்ற 'சிட்' சமையலறைக்கு மட்டும் சொந்தம், ஒவ்வோர் இடத்திலும் சுலபமான நிலையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கடினம் மூன்று வழியில் ஏறும்: எவ்வளவு நேரம், நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள், சுற்றிலும் எவ்வளவு கவனச்சிதறல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏற்றுங்கள், அதை ஏற்றும்போது மற்ற இரண்டையும் இறக்கிவிடுங்கள். ஐந்து முறை கேட்டால் நான்கு முறையாவது சரியாக வருகிறதா, அடுத்த படிக்குப் போகலாம். மூன்று என்றால் அங்கேயே நில்லுங்கள். அதற்கும் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள், இறங்குவது தோல்வி அல்ல.

கூப்பிட்டால் வருவது

நாயின் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரே பாடம் இது, ஆகவே இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல தின்பண்டத்தை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

பலர் இதைத் தாங்களே கெடுத்துக்கொள்வது எப்படியென்றால், விளையாடிக்கொண்டிருக்கும் நாயைக் கூப்பிட்டு வந்ததும் லீஷை மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போவார்கள், கூப்பிட்டு வைத்து நகம் வெட்டுவார்கள், தாமதமாக வந்தது என்று திட்டுவார்கள். நாய் போடும் கணக்கு நேரானது: 'கம்' என்று கேட்டால் விளையாட்டு முடிந்தது. பத்து நிமிடம் அலையவிட்டு வந்தாலும், உள்ளுக்குள் எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், வந்த நாயைக் கொண்டாட வேண்டும். குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ வேண்டுமென்றால் நீங்களே நடந்து போய்க் கூட்டி வாருங்கள்.

முதலில் வீட்டுக்குள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறிக் கூப்பிட்டுக் கொடுங்கள். பிறகு வெளியில் ஐந்திலிருந்து பத்து மீட்டர் நீளக் கயிறு, அதை ஹார்னஸில் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் மாட்டினால் ஓடி வந்து முடியும் இடத்தில் கழுத்து வெட்டி இழுபடும். கூப்பிட்டு வந்ததும் ஒரே துண்டாகக் கொடுக்காமல் நாலைந்து துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள், பாராட்டுங்கள், அப்புறம் 'போ, விளையாடு' என்று திருப்பி அனுப்புங்கள். அந்தத் திருப்பி அனுப்புதல்தான் பெரிய வெகுமதி. வந்தால் சுதந்திரம் பறிபோகாது என்று தெரிந்த நாய் யோசிக்காமல் வரும்.

இதற்கு மின்காலர் (கழுத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டை) இல்லாமல் முடியாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். கூப்பிட்டால் வராத பிரச்சினையுள்ள 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்து லிங்கன் பல்கலைக்கழகம் செய்த ஒப்பீடு 2020-இல் வெளியானது, மின்காலர் குழு வெகுமதிக் குழுவைவிடச் சிறப்பாக எதையும் செய்யவில்லை. வேல்ஸில் 2010-லிருந்தே அந்தக் காலருக்குத் தடை.

இழுக்காமல் நடப்பது

நாய் ஏன் இழுக்கிறது? நாம் அதைவிட மெதுவாக நடக்கிறோம், இழுத்தால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர முடிகிறது. ஆகவே இழுத்தால் பலன் இல்லை, லீஷ் தளர்ந்திருந்தால் பலன் உண்டு என்று ஆக்க வேண்டும். லீஷ் விறைத்ததும் மரம் மாதிரி நின்றுவிடுங்கள், சுண்டாதீர்கள், பேசாதீர்கள். நாய் திரும்பிப் பார்த்தோ ஓர் அடி பின்வாங்கியோ லீஷ் தளர்ந்த நொடியில் 'யெஸ்', உங்கள் காலோரமாகத் துண்டு, பிறகு நடை. துண்டைக் கொடுக்கும் இடம் முக்கியம், காலோரத்தில் கொடுத்தால் நாய் காலோரத்தைத் தேடி வரும். முதல் சில நாட்கள் வாசலைத் தாண்டவே நேரமாகும். பொறுத்துக்கொள்ளுங்கள், வழியில் முகர்ந்து பார்க்கவும் விடுங்கள், அதற்கு நடை என்பதே முகர்வதுதான்.

கழுத்தில் பாரம் விழுந்தால் கண்ணின் உள் அழுத்தம்கூடக் கூடுகிறது, ஹார்னஸில் அப்படிக் கூடுவதில்லை. இழுக்கும் நாய்க்கு மார்புப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் வாங்குங்கள்.

வேண்டாத பழக்கங்களை என்ன செய்வது

'அடிக்கக் கூடாதுன்னா எல்லாத்தையும் விட்டுடணுமா' என்ற கேள்வி இங்கேதான் வரும். விட வேண்டாம். இரண்டு வேலை செய்ய வேண்டும்: அந்தப் பழக்கம் பலன் தராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த இடத்தில் வேறு என்ன செய்யலாம் என்று கற்றுக்கொடுக்க வேண்டும். 'தாவாதே' என்று சொன்னால் நாய்க்கு எதுவும் புரியாது, 'உட்கார்' புரியும், உட்கார்ந்துகொண்டே எந்த நாயாலும் தாவ முடியாது.

வருகிறவர் மேல் தாவும் நாயைக் கையால் தள்ளினால் அதுவும் அதற்கு விளையாட்டு. திரும்பி நின்றுகொள்ளுங்கள், நான்கு காலும் தரைக்கு வந்ததும் குனிந்து கவனியுங்கள். விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், 'பரவாயில்லைங்க, எனக்கு நாய் பிடிக்கும்' என்று ஒருவர் கொஞ்சினால் அத்தனை உழைப்பும் பின்னால் போய்விடும்.

சாப்பிடும்போது குரைத்துக் கேட்கும் நாயைப் பொருட்படுத்தாமல் இருக்கத் தொடங்கினால், நிற்பதற்கு முன் குரைப்பு இன்னும் அதிகமாகும். இத்தனை நாள் வேலை செய்த வழி திடீரென்று வேலை செய்யாததால் அது பலமாக முயன்று பார்க்கிறது. இதில் நடுவில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், கத்தினால் போதாது, இன்னும் கத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்த கதையாகிவிடும். அதைவிட நல்லது, சாப்பாட்டுக்கு முன்பே அதன் பாயில் மென்று தின்ன ஏதாவது கொடுத்து, அங்கே அமைதியாகப் படுத்திருப்பதற்கு அவ்வப்போது ஒரு துண்டு போடுவது.

குட்டி கடிப்பது இயல்பு, ஆறேழு மாதம் வரை பல் முளைக்கும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். பல் பட்டதும் விளையாட்டை நிறுத்திக் கையை அசைக்காமல் வையுங்கள், பத்து நொடி கழித்துக் கடிக்கும் பொம்மையைக் கொடுத்துத் தொடருங்கள். செருப்பு, ஒயர், ரிமோட் எதுவும் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். அலமாரிக் கதவைச் சாத்தி வைப்பதும் பயிற்சிதான்.

வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் நாயின் மூக்கை அதிலேயே தேய்ப்பது பழைய பழக்கம், அதனால் நாய் கற்பது உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போவதை மட்டும்தான். குட்டி எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம் அடக்கும், அதுவும் உத்தேசம்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போங்கள், போய் முடித்த இடத்திலேயே வெகுமதி, வீட்டுக்குள் வந்த பிறகு அல்ல. உள்ளே போய்விட்டால் என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள், அம்மோனியா உள்ளது வேண்டாம், அதன் வாடை மறுபடி அதே இடத்துக்கு அழைக்கும்.

உறுமலை ஒருபோதும் அடக்காதீர்கள்

இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டும். நாய் நேராகக் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், உடல் விறைக்கும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரி தெரியும். அதையெல்லாம் நாம் கவனிக்காதபோது உறுமும். உறுமல் என்பது 'தயவுசெய்து தள்ளிப் போ' என்ற கடைசி வார்த்தைகளில் ஒன்று. உறுமியதற்கு அடித்தால் பயம் போவதில்லை, உறுமல் மட்டும் போகிறது. அடுத்த முறை அது எச்சரிக்காமல் கடிக்கும், பெரும்பாலும் கடி வாங்குவது குழந்தையாக இருக்கும். உறுமினால் விலகுங்கள், எதற்கு உறுமியது என்று குறித்துக்கொள்ளுங்கள், அதைச் சரிசெய்யுங்கள்.

சாப்பாட்டுக் கிண்ணத்தருகே உறுமும் நாயிடம் கிண்ணத்தைப் பிடுங்கி 'யார் பெரியவன்' என்று காட்டப் போகாதீர்கள். அது விறைக்காத தூரத்தில் நடந்து போகும்போது கிண்ணத்துக்குள் விழும்படி ஒரு கோழித் துண்டை வீசிவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். நாட்கள் போகப் போக, நீங்கள் கிட்டே வருவதைப் பார்த்ததும் அது நிமிர்ந்து வாலாட்டும். அப்போது இன்னும் ஓரடி கிட்டே.

பட்டாசுச் சத்தத்துக்கோ மற்ற நாய்களுக்கோ பயந்து குரைக்கும் நாய்க்கும் வழி இதேதான். அது பார்த்தும் பதறாத தூரத்தைக் கண்டுபிடியுங்கள், ஐம்பது மீட்டர் என்றால் ஐம்பது மீட்டர். அது பயப்படும் மற்ற நாய் கண்ணில் பட்டதும் துண்டு வரத் தொடங்க வேண்டும், மறைந்ததும் நிற்க வேண்டும். முதலில் அது தெரிய வேண்டும், பிறகுதான் தின்பண்டம், வரிசை மாறினால் தின்பண்டப் பையே பயத்தின் அறிகுறியாகிவிடும். பயந்திருக்கும்போது கொடுத்தால் பயத்துக்கே வெகுமதி கொடுத்ததாக ஆகிவிடாதா என்று சிலர் தயங்குகிறார்கள். ஆகாது. பயம் ஓர் உணர்ச்சி, கோழி கிடைக்கிறது என்பதற்காக எந்த நாயும் வேண்டுமென்றே பயப்படுவதில்லை. தின்ன மறுத்தால் மட்டும் நீங்கள் மிகக் கிட்டே இருக்கிறீர்கள், பின்வாங்குங்கள்.

குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை உலகம் பழகும் காலம். அப்போது குடை, வண்டி, தாடிக்காரர், குழந்தை, ஈரத் தரை என்று எதைப் பார்த்தாலும் கூடவே நல்லது நடந்தால் பிற்காலத்தில் இந்தப் பாடத்துக்கே தேவை குறையும். கட்டாயப்படுத்தித் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவது மட்டும் வேண்டாம், அது தானாக எட்டிப் பார்க்கட்டும்.

தின்பண்டத்தைக் குறைப்பது

ஒரு பாடம் எல்லா இடத்திலும் ஒழுங்காக வந்த பிறகுதான் குறைக்க வேண்டும். முதலில் இரண்டு முறைக்கு ஒன்று, பிறகு சில நேரம் தொடர்ந்து, சில நேரம் நான்கைந்துக்கு ஒருமுறை, எப்போது வரும் என்று கணிக்க முடியாதபடி. மற்ற நேரத்தில் வாழ்க்கையே வெகுமதி ஆகட்டும்: உட்கார்ந்தால் கதவு திறக்கும், அமைதியாக இருந்தால் லீஷ் மாட்டப்படும், பந்தைக் கீழே வைத்தால் பந்து மறுபடி பறக்கும். கூப்பிட்டால் வருவதற்கு மட்டும் கடைசிவரை தாராளமாகவே கொடுங்கள், அதில் நான் சமரசம் செய்யவே மாட்டேன்.

பயிற்சியாளரைத் தேடும்போது

யாரையாவது கடித்த நாய், தனியாக விட்டால் கதவைப் பிராண்டி ரத்தம் வரும்வரை பதறும் நாய், குழந்தையை முறைத்துப் பார்த்து விறைக்கும் நாய், இவற்றுக்கு நீங்களாகச் சோதனை செய்ய வேண்டாம், நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட மருத்துவர்களின் சங்கம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாடு, ஆக்ரோஷமான நாய்கள் உட்பட எல்லா நாய்க்கும் வெகுமதி முறையையே பரிந்துரைக்கிறது. 'இந்த நாய் அதுக்கெல்லாம் அடங்காது' என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

பயிற்சியாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நாய் சரியாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? தவறாகச் செய்தால் என்ன செய்வீர்கள்? நான் பக்கத்தில் நின்று பார்க்கலாமா? இரண்டாவது கேள்விக்கு 'திருத்துவேன்' என்று பொதுவாகச் சொன்னால் எப்படி என்று காட்டச் சொல்லுங்கள். கழுத்தை இறுக்கும் சோக் செயினையோ முள் காலரையோ எடுத்தால், அல்லது ஒரு மாதம் என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள், இடையில் வந்து பார்க்க வேண்டாம் என்றால், முன்பணத்தைக் கொடுக்காமல் நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.